மலை வலது கைப்பக்கம்

திருவண்ணாமலை
8.10.2023

அன்புள்ள உங்களுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, நீங்கள் விட்டுப்போன சைக்கிளின் மேல் கிடந்த போர்வையை எடுத்தேன். பல்கூடத் துலக்கவில்லை. பின்சக்கரத்தில் காற்று இல்லை. சீட்டுக்கடியில் பல்லி முட்டை வைத்திருந்தது.

போனில் பேசக் கூடாது, எழுதிக்கொள்ளுங்கள் என்று வக்கீல் ஆதிலட்சுமி சொன்னது நல்லதுக்குத்தான். "ஜட்ஜ் ஆறு மாசம் டைம் குடுத்திருக்காரு. லெட்டர் போட்டுக்குங்க. லெட்டர்ல குறுக்க பேச முடியாது பாருங்க" என்றார். நம்மில் குறுக்கே பேசுவது யார் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது. மார்ச் பதினைந்தாம் தேதி கோர்ட்டில் மறுபடி நிற்கும்போது, பிரிவதற்குக் கையெழுத்துப் போடுவதா, மனுவைத் திரும்ப வாங்குவதா என்று தெரிந்திருக்க வேண்டும். எனக்கு இன்னும் தெரியவில்லை. உங்களுக்கு?

ஏப்ரலில் என் பிறந்த நாள் பரிசு என்று, வருகிற பிப்ரவரியில் மரக்காணம் பக்கம் நடக்கிற ட்ரையத்லான் போட்டிக்கு நம் இருவர் பெயரையும் கொடுத்தீர்களே. கடலில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீந்தி, தொண்ணூறு சைக்கிள் மிதித்து, பிறகு இருபத்தொன்று ஓட வேண்டும். என்னைக் கேட்காமல்தான் கொடுத்தீர்கள். ஓசூருக்கு மாற்றல் வாங்கி, வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, "நீ காலேஜ்ல ரிசைன் பண்ணிடு" என்று சொன்னதும் அப்படித்தான்.

வரமாட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கோர்ட்டு வாசலில் நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னது ஞாபகம் வந்தது: "இவ ஆரம்பிச்சத முடிச்சதே இல்ல மேடம்." எம்.பில்., வீணை, கார் ஓட்டக் கற்றது. எல்லாம் பாதியில் நின்றவைதான், ஒப்புக்கொள்கிறேன்.

பிப்ரவரியில் வருகிறேன்.

உங்கள்,
எழில்

ஓசூர்
19.10.2023

அன்புள்ள எழிலுக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வாசலில் சொன்னது தப்புதான். ஜோக் என்று நினைத்துச் சொன்னேன், வக்கீலம்மாகூடச் சிரித்தார்களே.

நீ வருகிறாய் என்று படித்ததும் ஷிப்ட் முடிந்து வந்த களைப்பே தெரியவில்லை. உட்கார்ந்து உனக்குப் பயிற்சி அட்டவணை போட்டுவிட்டேன், இத்துடன் வைத்திருக்கிறேன். அதன்படி போனால் போதும், நீ எதையும் யோசிக்க வேண்டாம். தினம் இரண்டு முட்டை சாப்பிடு. வெள்ளிக்கிழமை தொடமாட்டேன் என்று ஆரம்பிக்காதே.

இங்கே சமையல் நானேதான். ரசம் மட்டும் இன்னும் வரவில்லை. வாசலுக்குப் பெரிய செருப்பு ஸ்டாண்டு ஒன்று வாங்கினேன். அதில் என் ஒரு ஜோடி மட்டும் இருக்கிறது, பார்க்கவே ஒரு மாதிரி இருக்கிறது.

பின்சக்கர ட்யூபை மாற்றிவிடு. பஞ்சர் ஒட்டாதே.

அன்புடன்,
செழியன்

திருவண்ணாமலை
30.11.2023

அன்புள்ள உங்களுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. தீபம் முடிந்து ஊர் இப்போதுதான் மூச்சு விடுகிறது. பத்து நாளாகத் தெருவில் கால் வைக்க இடமில்லை, சைக்கிளை எங்கே ஓட்டுவது? அதற்கு முன்னால் செமஸ்டர் பரீட்சை மேற்பார்வை, அதற்கு முன்னால் ஜுரம். உங்கள் அட்டவணை பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. பால் எடுக்கும்போதெல்லாம் பார்க்கிறேன்.

செய்ததைச் சொல்கிறேன். கூட்டம் இல்லாத நாளில் விடிவதற்கு முன் மலை சுற்றும் சாலையில் சைக்கிள். மலையை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு ஒரு சுற்று, தெம்பு இருந்தால் அடி அண்ணாமலையில் ஒரு டீ குடித்துவிட்டு இன்னொரு சுற்று. ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூரில் தம்பி அருள்ராஜின் கிணற்றில் நீச்சல். மழையில் கிணறு தளும்பிக்கொண்டிருக்கிறது. நேராகப் போக நீளம் ஏது? சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி வருகிறேன். முதல் நாளே தம்பி, "வலமா சுத்துக்கா, கிணத்துலயும் கங்கம்மா இருக்கா" என்றான். வலமாகவே சுற்றுகிறேன்.

அவன் மனைவி வள்ளி என் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை மோட்டார் கொட்டகைத் தூணில் முடிந்துவிட்டு மேலே உட்கார்ந்து கடலை உரிக்கிறாள். "இன்னா அண்ணி, செக்குமாடு மாதிரி சுத்திக்கினே இருக்கீங்க. எண்ணெ எதுனா வருதா?" என்கிறாள். சிரித்ததில் தண்ணீரைக் குடித்துவிட்டேன். அப்புறம் கேட்டாள்: "அண்ணன் திரும்பி வந்துடுவாரா அண்ணி?" எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள்.

ராத்திரி சாப்பிட்டு முடிப்பதற்குள் கண் சொருகுகிறது. இந்தக் களைப்பு உடம்பில் மட்டும் இல்லை என்று சில நாள் தோன்றுகிறது. ஆனால் இதைக் காரணம் சொல்லித் தூங்கலாம், அது ஒரு வசதி.

ட்யூபை மாற்றிவிட்டேன்.

எழில்

ஓசூர்
21.1.2024

அன்புள்ள எழிலுக்கு,

பொங்கலுக்கு நீ அனுப்பிய முறுக்கு நொறுங்காமல் வந்தது. நன்றி.

மனதில் பட்டதைச் சொல்கிறேன். உன் பயிற்சி போதாது. அட்டவணையில் பாதிகூட ஆகவில்லை. கிணறு வேறு, கடல் வேறு. நான் ஒரு வருஷமாக ஓடுகிறேன், எனக்கே பயமாக இருக்கிறது. உனக்கு ஏதாவது ஆனால் அருள்ராஜ் முகத்தில் எப்படி விழிப்பேன்? கௌரவம் பார்க்காதே. போட்டி நடத்துகிறவர்களிடம் பேசி உன் பெயரை நானே எடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
செழியன்

திருவண்ணாமலை
25.1.2024

என் பெயரைத் தொடாதீர்கள். வருகிறேன்.

எழில்

ஓசூர்
21.2.2024

என் அன்பு எழிலுக்கு,

முடித்துவிட்டாய்! மூன்று நாளாக ஆபீசில் எல்லோரிடமும் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். டைம் முடியப் போகிற நேரத்தில் நீ அந்தத் தென்னந்தோப்பு வளைவில் தெரிந்தபோது என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நீ பார்த்திருக்க மாட்டாய்.

கடலில் நீ தப்பான பக்கம் திரும்பிய கதையைப் படகுக்காரர் சொன்னார். கேண்டீனில் சொல்லி ஒரே சிரிப்பு, கோபப்படாதே. ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் கடைசியில் ஓடாமல் நடந்திருக்க வேண்டாம். அதை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.

ஆமாம், அடுத்த முறை! நீ ஓடிக்கொண்டிருக்கும்போதே அங்கேயே அடுத்த வருஷத்துக்கு நம் இருவர் பெயரையும் பதிந்துவிட்டேன். அன்றைக்கே சொல்ல நினைத்தேன், நீ இருந்த நிலையில் சொல்லவில்லை. இன்னொன்றும் செய்துவிட்டேன். நேற்று ஆதிலட்சுமி மேடத்துக்குப் போன் போட்டு, நாங்கள் மனுவை வாபஸ் வாங்குகிறோம் என்று சொன்னேன். அவருக்கும் சந்தோஷம். நீயும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம், அவ்வளவுதான். கோடை லீவில் வீட்டைக் காலி செய்யலாம். லாரி நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்,
செழியன்

திருவண்ணாமலை
3.3.2024

அன்புள்ள செழியனுக்கு,

உங்களைப் பெயர் சொல்லி எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுதிப் பார்த்துவிட்டு அடிக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

கடலில் நடந்ததை நானே சொல்கிறேன். மிதவையை இடது தோள் பக்கம் வைத்துச் சுற்றித் திரும்ப வேண்டும் என்று கரையில் மூன்று முறை சொன்னார்கள். எனக்கு நன்றாகக் கேட்டது. ஆனால் மிதவைக்குப் பக்கத்தில் போனதும் உடம்பு தானாக வலது பக்கம் வளைந்துவிட்டது. அத்தனை மாதம் கிணற்றிலும் வலம், மலையையும் வலம். அதற்கு வேறு திருப்பம் தெரியவில்லை. தலையைத் தூக்கினால் எதிரே ஒருவரும் இல்லை, வெறும் தண்ணீர். "எக்கா, எங்க போறீங்க? அப்படியே போனா பாண்டிச்சேரி!" என்று படகுக்காரர் கத்தினார். மிதவையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தொங்கினேன். பிறகு இடது பக்கம் திரும்பினேன். கழுத்து, தோள் எல்லாம் புதிதாக வலித்தது. அப்படியும் கரை வந்தது.

சைக்கிளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. எதிர்காற்று, உட்காருமிடத்தில் புண். ஓட்டத்தில் பாதிக்கு மேல் நடைதான். முடித்துக் காட்ட வேண்டும் என்ற வீம்பெல்லாம் சைக்கிளிலேயே தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு எதற்காகப் போனேன் என்று கேட்டால் தெரியாது. நிற்பதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

நான் வந்து சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். என்னால் குனிய முடியவில்லை. நீங்கள் மண்ணில் உட்கார்ந்து என் ஷூ முடிச்சை அவிழ்த்தீர்கள். ஈரத்தில் இறுகிக் கிடந்தது, நகத்தால் நெம்பினீர்கள். அதற்கு முன் நீங்கள் என் காலைத் தொட்டது மெட்டி போட்ட அன்று. மனுவைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று அந்த நிமிஷம் நினைத்தேன். பொய் இல்லை. தம்பியின் வண்டியில் கீழ்பென்னாத்தூர் வரும் வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

பிறகு உங்கள் கடிதம் வந்தது.

நான் அந்தச் சாலையில் கால் இழுத்து நடந்துகொண்டிருந்த நேரத்தில் அடுத்த வருஷத்துக்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறீர்கள். என் சார்பில் வக்கீலிடம் பேசியிருக்கிறீர்கள். லாரிகூடத் தயார். எல்லாம் அன்பால்தான் செய்தீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் படுத்தேன். மாலை வரை எழுந்திருக்கவில்லை.

இன்று காலை மலை சுற்றும் சாலையில் மெதுவாக நடக்கலாம் என்று போனேன். நிருதி லிங்கக் கோயிலுக்குப் பக்கத்தில் போவதற்குள் முழங்கால் பிடித்துக்கொண்டது. இந்த ஊரில் பிறந்தவர்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். முடியாவிட்டால் ஆட்டோ பிடித்தாவது சுற்றை முடிப்பார்களே தவிர, பாதியில் திரும்ப மாட்டார்கள். நானும் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடத் திரும்பியதில்லை. ஆட்டோவும் வந்து நின்றது. "ஏறும்மா, சுத்தி உட்டுடறேன்" என்றார் ஆட்டோக்காரர். வேண்டாம் என்றேன்.

வந்த வழியே திரும்பினேன். எதிரே பூக்கூடையோடு வந்த அம்மா நின்றுவிட்டார். "இன்னாம்மா, எதிர்ல வர்றே? மலைய இடம் வரக் கூடாதும்மா."

"முட்டி வலிக்குதுங்க. வூட்டுக்குப் போறேன்" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "வலிச்சா போய்த்தான் ஆவணும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மலை இடது கைப்பக்கம் இருந்தது. எனக்குப் பழக்கமில்லாத ஏதோ மலை மாதிரி இருந்தது. அடிக்கடி உட்கார்ந்து உட்கார்ந்து வந்தேன். வீட்டுக்கு வந்து வெந்நீர் வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

பதினைந்தாம் தேதி கோர்ட்டுக்கு வருவேன். பிரிவதற்குக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். வக்கீலுக்கு இன்னும் போன் செய்யவில்லை. தம்பிக்கும் வள்ளிக்கும் தெரியாது. உங்களைப் பற்றிய முடிவு ஒன்றை, உங்களிடம் சொல்லும் முன் வேறு யாரிடமும் சொல்லக் கூடாது என்று தோன்றியது.

ரசத்துக்குப் புளியைக் குறைத்து, கொதிக்க விடாமல் நுரை கட்டியதும் இறக்குங்கள். அவ்வளவுதான் அதில் சூட்சுமம்.

கடலில் இறங்கும் முன் கரையில் விட்ட என் செருப்பை, அலை கொண்டுபோகாமல் எடுத்து உங்கள் காரில் வைத்திருப்பதாக அன்று சொன்னீர்கள். வாங்க மறந்துவிட்டேன். அந்தப் பெரிய ஸ்டாண்டில் வைத்திருந்தால், எடுத்து ஒரு பையில் போட்டு வரும்போது கொண்டுவாருங்கள்.

எழிலரசி