ஒரு கரண்டி ஜம்ஜம்

அன்பு மகள் ரைஹானத்துக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே மேலப்பாளையத்தில் நானும் உம்மாவும், மாடியில் நீ மாட்டிவிட்டுப் போன, மழை பிடிக்கிற புனலும் சுகமாக இருக்கிறோம், ஜெர்மனியில் நீயும் உன் தொண்டை வலியும் எப்படி என்று அறிய ஆவல். ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது, மழை விட்டபின் வயலெல்லாம் பச்சை பிடித்துவிட்டது. கல்யாணங்கள் நடக்கிற மாதம், அத்தர்க் கடையில் உட்கார நேரமில்லை. தோஹாவிலிருந்து உன் அண்ணன் சுஹைல் பேசினான், பிள்ளை நடக்க ஆரம்பித்துவிட்டானாம், இனி அவன் பின்னால் ஓடத்தான் அவர்களுக்கு நேரம் இருக்கும். தினமும் போனில் பேசுகிறவர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் உம்மா பக்கத்திலேயே இருப்பாள், இந்த விஷயத்தைத் தொட்டால் அழுதுவிடுவாள், அதனால்தான் உனக்கு அனுப்புகிற பார்சலுக்குள் இதையும் வைக்கிறேன்.

போன வாரம் நீ சொன்னது எனக்கு உறைத்துவிட்டது. புயல் மழை பெய்த வாரத்தில் நான் பிடித்து அனுப்பிய போத்தல்களில் ஒன்று மட்டும் கணக்கில் இடிக்கிறது, மூடியைச் சரியாக மூடாமல் தண்ணீர் ஆவியாகியிருக்கும், அந்த வாரத்தையே தள்ளிவிடு என்று உன் பேராசிரியர் சொன்னாராமே. நம் பக்கத்தில் அந்தப் புயலின் மழையை வேறு யாரும் பிடித்து வைக்கவில்லை, அது போனால் உன் ஆராய்ச்சியில் பாதி போய்விடும் என்று நீ சொன்னபோது உன் குரல் உடைந்ததைக் கேட்டேன். ஆனாலும் ஓர் அத்தர் வியாபாரிக்கா மூடியைத் திருகத் தெரியாது? மூடி இளகினால் லேசான வாசனை முதலில் பறந்துவிடும், கனத்ததுதான் தங்கும். மழையிலும் அப்படி லேசான தண்ணீரும் கனத்த தண்ணீரும் கலந்திருக்கிறது, அதுதான் ஐசோடோப்பு, கடலிலிருந்து ஏறி வரும் மேகம் கனத்ததை முதலில் இறக்கிவிடும், பெய்யப் பெய்ய மழை லேசாகிக்கொண்டே போகும், அதை வைத்து அது வந்த வழியைச் சொல்லிவிடலாம் என்று நீ மாடியில் நின்று சொல்லித் தந்ததை நான் மறக்கவில்லை. நடுவில் ஒரு நாள் மழை மட்டும் கனத்துக் கிடந்தால் யாருக்கும் சந்தேகம் வரும்தான்.

இதையெல்லாம் நான் வீட்டில் புலம்பிக்கொண்டே இருந்தேன், உம்மா வாய் திறக்கவில்லை. அவள் பேசாமல் இருந்தால் ஏதோ நடந்திருக்கிறது என்று உனக்கும் தெரியும். சோற்றில் ரசம் ஊற்றும்போது பைய கேட்டாள், மழைத் தண்ணீரில் வேறு தண்ணீர் கலந்தால் அந்த மிஷின் கண்டுபிடித்துவிடுமா என்று. நான் சோற்றுக் கையோடு நிமிர்ந்து பார்த்தேன், நடந்ததைச் சொல்லிவிட்டாள். இந்தப் புயல் மழைதான் உம்மா என் படிப்புக்கே உயிர் என்று நீ அவளிடம் சொன்னாயாம். ஹஜ்ஜிலிருந்து கொண்டுவந்த மக்காவின் ஜம்ஜம் கிணற்றுத் தண்ணீரில் கொஞ்சத்தை, உயிர் பிரிகிற சக்கராத் நேரத்தில் தன் நாவில் விடவேண்டும் என்று பச்சைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறாளே, இங்கே வந்திருந்த பேரனுக்குக் காய்ச்சல் அடித்தபோதுகூட எடுக்கவில்லையே, அதில் ஒரு கரண்டி எடுத்திருக்கிறாள். போத்தல் கழுத்துவரை நிறைந்திருக்க வேண்டும் என்று நீ சொல்லியிருந்ததால், அதே கரண்டியால் மழையை ஒரு கரண்டி வெளியே ஊற்றிவிட்டு இதை ஊற்றியிருக்கிறாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "எம்புள்ள அந்தத் தண்ணியத்தான நம்பிக் கெடக்கா, பரக்கத்து இருக்கட்டும்னு ஊத்துனேன். ஜம்ஜம் என்ன அழுக்கா?" என்றாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை, நீயும் திட்டாதே.

அந்த ஒன்று கனத்தது இந்தத் தண்ணீரால்தான் போலிருக்கிறது, மற்ற போத்தல்களைத் தொடவே இல்லை என்று சத்தியம் செய்கிறாள். எந்தத் தண்ணீர் கலந்தது, எவ்வளவு கலந்தது என்று தெரிந்தால் அதைக் கழித்துவிட்டு மழையை மட்டும் கணக்குப் பார்க்க முடியும் அல்லவா? அதனால் அந்தக் கரண்டியையே அனுப்புகிறேன், இருமல் மருந்து கொடுக்கிற கரண்டிதான். பேராசிரியரிடம் நடந்ததை அப்படியே சொல், வெட்கப்படாதே, மூடி என் தப்பில்லை என்பதையும் மறக்காமல் சொல். ஜம்ஜமும் கொஞ்சம் வேண்டும் என்று நான் சின்ன அத்தர்க் குப்பியை நீட்டினேன், உம்மா பச்சைத் துணியோடு முழுவதையும் என் கையில் வைத்துவிட்டாள். உனக்கென்று கொஞ்சம் இருக்கட்டும் என்றேன். "எனக்கு அந்த நேரத்துல அல்லாஹ் பாத்துக்கிடுவான், புள்ளைக்கு இப்பம்லா வேணும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மிஷினுக்குப் போக மீதியைக் தொழுகிற கிப்லாத் திசையைப் பார்த்து பிஸ்மில்லாஹ் சொல்லி நீ குடிக்க வேண்டுமாம், அது அவள் சொல். ஒரு மிடறு குடி. அதற்கு மேல் குடிக்காதே, மீதியை வைத்திருந்து ஊருக்கு வரும்போது உன் கையாலேயே கொண்டு வா. அவசரம் ஒன்றுமில்லை, அவள் திடமாகத்தான் இருக்கிறாள், இப்போதுகூட வெங்காயம் வாங்கி வராததற்கு என்னைப் பேசிக்கொண்டிருக்கிறாள். ஆனால் என்றைக்கானாலும் அவள் நாவில் அதை விடுகிற கை உன் கையாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே, குளிரில் காதை மூடு. அல்லாஹ் உன் இல்மில், உன் படிப்பில், பரக்கத் செய்வானாக, ஆமீன். குப்பியைத் திறந்தால் மூடியை இறுகத் திருகி வை.

துஆவுடன்,
உன் வாப்பா
அ. அலி அக்பர்
மேலப்பாளையம்