மைக்கில் கேட்ட மூச்சு

அன்புள்ள மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. முதல் பாதியை எழுதக் கை வரவில்லை. இரண்டாம் பாதியில் ஒரு குறையும் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி. அப்பா நன்றாக இருக்கிறார். அவருக்கு வந்த காய்ச்சல் வந்த வழியே போய்விட்டது, வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டு வழக்கம்போலத் தொலைக்காட்சிக்கு முன்னால் குறட்டை விடுகிறார். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். தொடர்ந்து பேசினால் இருமல் வருகிறது, அது ஒரு காரணம். இன்னொன்று, நான் கோபமாக ஏதாவது சொல்லத் தொடங்கினாலே நீ உடம்பைக் கெடுத்துக்காதம்மா என்று என் வாயை அடைத்துவிடுகிறாய். காகிதத்தில் அந்த வேலை நடக்காது.

எனக்கும் காய்ச்சல் விட்டு மாதக்கணக்காகிறது. ஆனால் குளித்துவிட்டு வந்தால் கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் துணி மாற்ற முடிகிறது, சோப்பை எடுத்தால் கருகிய வாடை அடிக்கிறது, தலை வாரினால் தலையில் இருப்பதைவிடச் சீப்பில்தான் அதிகம் இருக்கிறது. ஒரு நாள் உடம்பு தெளிவாக இருக்கிறதே என்று வீடு முழுக்கத் துடைத்து அலமாரியெல்லாம் அடுக்கி வைத்தேன், மறுநாளும் அதற்கடுத்த நாளும் படுத்த படுக்கைதான். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன், வார்த்தை நழுவுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது, இடுக்கியை எடுங்கள் என்று அப்பாவிடம் சொல்ல வேண்டும், அந்த ஒரு சொல் வரவில்லை, அதுங்க, அதுங்க என்று விரலைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன், அவரும் பாவம் கரண்டி, தட்டு, கைத்துணி என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுகிறார், பால் எல்லாம் தரையில். இரண்டு பேரும் சிரித்தோம், பிறகு நான் மட்டும் அழுதேன். நுரையீரல் படமும் இரத்தமும் சுத்தமாக இருக்கின்றன, ஆனாலும் இது உண்மையான நோய்தான், சிலருக்கு மெதுவாகத்தான் போகும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். முடிகிற அளவில் பாதியை மட்டும் செய்யுங்கள், களைத்த பிறகு உட்காராதீர்கள், களைக்கும் முன்னால் உட்காருங்கள், நல்ல நாள் வந்தால் அதன் தலையில் எல்லாப் பாரத்தையும் ஏற்றாதீர்கள் என்றார். அடுக்களையில் ஒரு முக்காலி போட்டிருக்கிறேன். உட்கார்ந்துகொண்டே காய் நறுக்குகிறேன், உட்கார்ந்துகொண்டே பாத்திரம் துலக்குகிறேன். ராணி மாதிரி இருக்கிறேன் என்று அப்பா சொல்கிறார், ராணிக்கு இத்தனை பாத்திரம் இருக்காது என்று நான் சொன்னேன்.

இனி அந்தச் சர்க்கரையின் கதைக்கு வருகிறேன். யாரைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும், பஸ் நிலையத்து அறிவிப்பு அறையில் எனக்கு அடுத்த ஷிப்டு பார்க்கிறவள், குரல் இனிப்பாக இருக்கிறது என்று டிரைவர்கள் வைத்த பெயர். எனக்கு இந்த நோயைக் கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான். ஜன்னல் இல்லாத அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் உடம்பு அனலாய்க் கொதிக்க வந்து உட்கார்ந்து, என் வாய் படும் மைக்கில் இருமி, என் பிளாஸ்கின் மூடியிலேயே வெந்நீர் ஊற்றிக் குடித்துவிட்டுப் போனாள். காய்ச்சலா என்று நான் கேட்டேன். வெயில்ல நடந்து வந்தேன் அக்கா என்றாள். விடுப்பே எடுக்காதவர்களுக்கு வருடக் கடைசியில் கொடுக்கும் பாராட்டுப் பத்திரம் கைவிட்டுப் போய்விடக் கூடாதாம். அவள் ஒரு வாரத்தில் எழுந்துவிட்டாள், நான் இன்னும் எழுந்தபாடில்லை. இதோடு விட்டிருந்தால் என் தலைவிதி என்று இருந்திருப்பேன். நான் வேலைக்குத் திரும்பிப் போன அன்று, அறிவிப்பின் பாதியில் மூச்சு நின்று, பாலத்தடி வண்டிக்குத் துறைமுகம் என்று சொல்லிவிட்டேன், கூட்டம் முழுக்கத் தவறான நடைமேடைக்கு ஓடியது. அன்றைக்கே இவள் டீ அறையில் எல்லார் முன்னாலும் சொன்ன வார்த்தை இது. "காய்ச்சல் எனக்கும்தான் வந்துச்சு, நான் எழுந்து நிக்கலையா? அக்காவுக்கு நோவு உடம்புல இல்ல, மனசுல."

அந்த வார்த்தை நிலைய அதிகாரியின் காதுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? என்னைக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் கீழே இருங்கள் என்று பயணிகள் தொலைத்துவிட்டுப் போகும் சாமான்களை வைக்கும் அறைக்கு அனுப்பிவிட்டார். அடுத்த மாதக் கடைசிக்குள் குரல் சரியாகாவிட்டால் மேலே உள்ள நாற்காலி சர்க்கரைக்கே நிரந்தரம் என்றும் சொல்லிவிட்டார். இத்தனை வருடம் அந்த நாற்காலியில் இருந்து இந்த ஊரையே வண்டி ஏற்றி அனுப்பியவள், ஒற்றைச் செருப்புகளுக்கும் கைப்பிடி உடைந்த குடைகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். இதைச் சொல்லி உன்னிடம் ஆத்திரப்பட்டபோது நீ என்ன சொன்னாய் நினைவிருக்கிறதா? பாவம்மா, வேலைக்குப் போறவங்க காய்ச்சல்னு வீட்ல இருக்க முடியுமா, அவங்களுக்கு என்ன கஷ்டமோ என்றாய். பெற்ற மகள் எனக்குப் பரிந்து பேசாமல் அவளுக்குப் பரிந்து பேசுகிறாளே என்று அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. மாத்திரை போட மறந்த நாட்கள் உண்டு, அவளைத் திட்ட மறந்த நாள் ஒன்றுகூட இல்லை. சொன்னால் நம்ப மாட்டாய், கட்டிலைவிட்டு என்னை எழுப்பி உட்கார வைத்ததே அந்தக் கோபம்தான்.

பழிவாங்க எனக்கு ஒரு வழியும் கிடைத்தது. மேலே இருக்கும் மைக்கின் விசை பழசு. அழுத்திப் பேசிவிட்டு விரலை எடுத்தால் சில நேரம் அதுவாக மேலே வராது, பாதியிலேயே நின்றுவிடும், மைக் திறந்தே கிடக்கும். அதற்காக ஒரு அட்டையை நாலாக மடித்து அடியில் செருகி வைத்திருந்தேன், அட்டை இருந்தால் விசை தானாக எழும்பிவிடும். இவள் என் மேசையைச் சுத்தம் செய்கிற அழகில் அந்த அட்டையைக் குப்பை என்று தூக்கி எறிந்துவிட்டாள், கீழே வந்த குப்பைக் கூடையில் நானே பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. என்றாவது ஒரு நாள் மைக் திறந்து கிடக்கும், இவள் டிக்கெட் பரிசோதகரிடம் ஊர்ப் புறணி பேசுவது எல்லா நடைமேடையிலும் ஒலிக்கும், அதிகாரியைப் பற்றி இவள் சொல்லும் பட்டப்பெயர் அதிகாரியின் காதிலேயே விழும், அன்றைக்கு நான் ஒரு குடையை மடியில் வைத்துக்கொண்டு ஆற அமரக் கேட்டு ரசிக்க வேண்டும் என்று காத்திருந்தேன். நான் இருந்த அறையின் சுவரிலும் ஒரு சின்ன ஒலிபெருக்கி உண்டு. அதன் அடியிலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டேன்.

போன வாரம் அது நடந்தது. பாலத்தடி வண்டியை அறிவித்தாள், வழக்கம்போலத் தேனாக ஒழுகியது, முடிந்ததும் வரவேண்டிய டக் என்ற சத்தம் வரவில்லை. மாட்டிக்கொண்டாள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். புறணி வரவில்லை கண்ணு. மூச்சு வந்தது. ஓடிவந்த நாய்க்கு இரைப்பதுபோல ஒரு மூச்சு, நடுவில் ஒரு விசில் சத்தம். பிறகு துறைமுகம், துறைமுகம், துறைமுகத்துக்கு அப்புறம் என்ன என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். மறுபடி அந்த மூச்சு. "இன்னும் ஒண்ணு மட்டும், இன்னும் ஒண்ணு மட்டும் சொல்லிடு" என்று தன்னையே கெஞ்சினாள். வெளியே எஞ்சின் இரைச்சலில் கூட்டத்துக்கு ஏதோ கரகரப்பாகத்தான் கேட்டிருக்கும். எனக்கு ஒவ்வொன்றும் கேட்டது, ஏனென்றால் அது என் மூச்சு. அதே இடத்தில் அடைப்பு, அதே இடத்தில் சொல் தொலைவது. மனசில் நோவு என்று என்னைச் சொன்னவளின் நெஞ்சில் என் நோவே உட்கார்ந்திருந்தது.

இரக்கம் வந்தது என்று நினைத்துவிடாதே. சந்தோஷம்தான் வந்தது. அவள் முகத்தை அந்த நிமிடமே பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா வேகமாக ஏறக் கூடாது என்ற மாடிப்படியில் விறுவிறுவென்று ஏறினேன். திருப்பத்தில் சுவரைப் பிடித்து நின்றேன், மறுபடி ஏறினேன், கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் மனதில் அடுக்கி வைத்திருந்த அத்தனையையும் கொட்டலாம் என்று வாயைத் திறந்தால் ஒரு எழுத்து வரவில்லை. நான் கதவைப் பிடித்துக்கொண்டு இரைக்கிறேன், அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு இரைக்கிறாள். முதலில் விரலை நீட்டி அந்த விசையைத் தூக்கிவிட்டேன், எங்கள் இரண்டு பேர் இரைப்பையும் ஊர் கேட்க வேண்டாம் என்று. மைக் திறந்து கிடந்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. அதிகாரியிடம் சொல்லிவிடாதீர்கள் அக்கா, நாற்காலி போய்விடும், வீட்டில் என் சம்பளத்தை நம்பித்தான் எல்லாரும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். கையை உருவிக்கொண்டேன். தனியாகக் கேட்கும் மன்னிப்பு எனக்கு வேண்டாம், என்னைப் பேசியது டீ அறையில், அதே அறையில் அதே ஆட்கள் முன்னால் சொல், நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன் என்றேன். இதைச் சொல்லி முடிக்க எனக்கு நாலு தவணை ஆயிற்று, ஆனாலும் சொன்னேன்.

மறுநாள் டீ அறையில் டிக்கெட் பரிசோதகர், மெக்கானிக், இரண்டு டிரைவர்கள் எல்லாரும் இருந்தார்கள், நல்லவேளையாக அதிகாரியும் டீக்கு வந்திருந்தார். அவள் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அக்கா நடிக்கல. எனக்கும் அதே மூச்சுதான், நான்தான் மறைச்சேன்." அவ்வளவுதான், ஆனால் அந்த இனிப்புக் குரலில் இனிப்பே இல்லை. மெக்கானிக் மெதுவாக, எனக்கும் நட்டு முடுக்கினால் கை நடுங்குகிறது என்றார். அதிகாரிக்குத் திருட்டு முழி. எங்கள் இரண்டு பேரையும் அனுப்பிவிட்டு அவரா போய் மைக்கில் பேசுவார்? இப்போது ஒரு மணி நேரம் நான், ஒரு மணி நேரம் அவள் என்று மாற்றி மாற்றி உட்காருகிறோம், மாதக் கடைசிக் கெடுவைப் பற்றி அதன்பிறகு பேச்சே இல்லை. ஒரு அறிவிப்பை இரண்டாகப் பிரித்து நடுவில் மூச்சு எடுத்துக்கொள்கிறோம், வண்டி எதுவும் அதற்காக நின்றுவிடவில்லை. அவளை மன்னித்துவிட்டாயா என்று கேட்காதே. ஒவ்வொரு முறையும் மைக்கின் பஞ்சு உறையை அவள் துடைத்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும், நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். பிளாஸ்கில் கை வைக்க விடுவதில்லை. அட்டையை மடித்து நானே மறுபடி செருகிவிட்டேன், அது மைக்குக்காக.

இவ்வளவையும் நான் எழுதியது சர்க்கரைக்காக இல்லை கண்ணு. அன்றைக்கு அந்தச் சுவர் ஒலிபெருக்கிக்கு அடியில் அவள் இரைத்ததைக் கேட்டபோது, இதை வேறு எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் பிடிபட்டது. உன்னிடம்தான் கேட்டேன். போன மாதம் கூப்பிட்டபோது ஒரு வாக்கியத்தை மூன்று துண்டாகச் சொன்னாய், படி ஏறிக்கொண்டிருக்கிறேன் என்றாய். பின்னால் உன் அறையின் பழைய பிரிட்ஜ் முனகிக்கொண்டிருந்தது. நீ இருப்பது தரைத்தளம் என்பதை அம்மா மறந்துவிடுவாள் என்று நினைத்தாயா? அதற்குப் பிறகு நீ கூப்பிடுவதே இல்லை, குறுஞ்செய்தியோடு சரி, கேட்டால் ஓட்டலில் வேலை அதிகம் என்கிறாய். நீ அவளுக்கு ஏன் பரிந்து பேசினாய் என்பது இப்போது எனக்குப் புரிகிறது. உனக்கும் இந்தக் காய்ச்சல் வந்து போயிருக்கிறது, நீயும் அதை மறைத்துக்கொண்டுதான் அந்த வரவேற்பு மேசைக்குப் பின்னால் நாள் முழுக்க நின்று சிரிக்கிறாய். காய்ச்சலோடு உன்னை வரச் சொன்னது யார்? காய்ச்சல் போய்விட்டதே இன்னும் என்ன சாக்கு என்று கேட்டது யார்? அந்த மேலதிகாரியின் பெயரை எனக்கு எழுது. நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது, ஆனால் என் கோபம் இங்கே கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, சும்மா கிடக்கிறது. உன்மேலும் கோபம்தான், உலகத்துக்கெல்லாம் மறை, எனக்கு ஏன் மறைத்தாய்?

ஒரு முக்காலி வாங்கிக்கொள், அந்த மேசைக்குப் பின்னால் போட்டு உட்கார், நின்றால்தான் மரியாதை என்று யாராவது சொன்னால் அம்மா சொன்னாள் என்று சொல். ஒரு நல்ல டாக்டரைப் பார், மாடிப்படி உள்ள பக்கம் போகாதே, நல்ல நாள் வந்தால் பாதியை மிச்சம் வை. நீ தீர்க்காயுசாக, திட்டுகிற தெம்போடு நன்றாக இருக்க வேண்டும், அப்பாவும் அதையே சொல்லச் சொன்னார். முக்கியமாக ஒன்று, இதற்குப் பதிலாக நலம் என்று ஒற்றை வார்த்தை அனுப்பாதே. கூப்பிடு. பேச முடியாவிட்டால் பேச வேண்டாம், மூச்சு வாங்கிக்கொண்டே இரு. இந்தப் பக்கம் நானும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
நலமறிய ஆவலோடு,
உன் அம்மா