என் சுருதிக்கு இறங்கி வந்தவளுக்கு

இன்று மாலை இணைய வகுப்பில் புதிதாக ஒரு பெண் சேர்ந்தாள். பெயர் கேட்டபோது மைக்கைத் திறக்கத் தெரியாமல் வெறுமனே வாயசைத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உன்னுடைய முதல் நாள்தான் கண்ணுக்குள் வந்தது.

களுதாவளைப் பிள்ளையார் கோயிலில் நீ பாடத் தொடங்கினால் கூட்டம் பேச்சை நிறுத்திவிடும். புற்றுநோய்க்காகக் குரல்வளையை எடுத்த பிறகு, யார் வீட்டு ரேடியோவில் பாட்டுக் கேட்டாலும் ஜன்னலைச் சாத்தினாய். பல மாதம் கழித்து ஒருநாள், கிட்டாரின் குட்டி போன்ற யுகுலேலே ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, போனில் எழுதிக் காட்டினாய்: "ஒன்லைன் வகுப்பில சேர்ந்திட்டன். பக்கத்தில வந்து இரு. என்ட பேரைச் சொல்ல ஒராள் வேணும்."

உன் பெயரைச் சொல்லத்தான் செட்டிபாளையத்திலிருந்து சனிக்கிழமைதோறும் வந்தேன். வகுப்பில் எங்கெங்கோ இருந்தவர்கள் எல்லாம் உனக்குச் சினேகிதர் ஆனார்கள். ஒருமுறை ஒவ்வொருவரும் வாசித்துப் பாட வேண்டியிருந்தது. "நான் வாசிக்கிறன், நீ பாடு" என்று எழுதினாய். எனக்குப் பாட வராது என்று சொல்வதற்குள் தொடங்கிவிட்டாய். என் குரல் எட்டவில்லை. நிறுத்தி, விரல்களை மாற்றி, இன்னும் கீழே தொடங்கினாய். அப்போதும் எட்டவில்லை. இன்னும் இறங்கினாய். அப்படிப் பாடியவள் நீ, என் தொண்டைக்காக அவ்வளவு இறங்கி வந்தாய். பாடி முடித்ததும் தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தாய்.

நோய் திரும்பி வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உனக்குத் தந்தியை அழுத்தப் பலமில்லை. நான் அழுத்திப் பிடிக்க, நீ மீட்டினாய். அதுவே கடைசி.

உன் முப்பத்தோராம் நாள் நினைவுக்கு வகுப்பில் உள்ளவர்கள் தத்தம் வீட்டிலிருந்து நாம் அன்று பாடிய பாட்டை வாசித்து அனுப்பினார்கள். ஆசிரியை எல்லாவற்றையும் ஒன்றாக்கி, நீ முன்பு அனுப்பியிருந்த ஒலிப்பதிவையும் அதற்குள் சேர்த்திருந்தார். உன் அம்மா போனைக் காதில் வைத்துக் கேட்டார்.

"இதுக்குள்ள என்ட புள்ள எது, மகள்?"

எல்லோருக்கும் ஒரு நொடி பிந்தி விழும் மீட்டல் உன்னுடையது. அது வரும்போதெல்லாம் அவருடைய உள்ளங்கையில் தட்டிக் காட்டினேன். வெகு நேரம் கழித்து, "ஓம், இப்ப கேக்குது" என்றார்.

இப்போதும் உன் வீட்டிலிருந்துதான் வகுப்பில் சேர்கிறேன். முடிந்ததும் அம்மா அந்தக் கூட்டுப் பதிவைப் போடச் சொல்வார். நான் தட்ட வேண்டியதில்லை. நீ வரும் இடமெல்லாம் அவர்தான் என் கையில் தட்டுகிறார்.