நன்றியுரை சொன்னவனுக்கு

உன் வீட்டு வாசல் புல்வெளியில் நட்டிருந்த தேர்தல் பலகையை இன்று காலை பிடுங்கி எடுத்து வந்தேன். தேர்தல் முடிந்து ஐந்து மாதத்துக்கு மேல் ஆகிறது. குடியிருப்பை நிர்வகிக்கும் எச்.ஓ.ஏ.விலிருந்து, பலகையை எடுக்கச் சொல்லி இரண்டாவது கடிதம் வந்துவிட்டதாம். உன் மனைவி கூப்பிட்டார். "நீங்களே வந்து எடுத்துடுங்கண்ணா, என்னால அதத் தொட முடியல" என்றார். இப்போது அது என் காரின் பின்சீட்டில், கம்பிக் கால்களில் மண்ணோடு கிடக்கிறது. மேலே அதிபர் வேட்பாளரின் பெயர் பெரிய எழுத்தில். கீழே துணை அதிபர் வேட்பாளரின் பெயர், அதில் பாதி அளவில். அந்தக் கீழ்ப் பெயருக்காகத்தான் நீ பலகையை நட்டாய் என்பது இந்தப் பிளானோ ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மேலே இருந்தவரை உனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. "என் ஓட்டு அவருக்கு இல்லடா, பக்கத்துல நிக்கறவருக்கு. ரெண்டு பேரும் ஒரே ஓட்டுல வர்றாங்க, என்ன பண்றது" என்று அலுத்துக்கொள்வாய். அப்படி என்ன அந்த மனிதரிடம் கண்டாய் என்று நான் கேலி செய்தபோது, போனில் ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினாய். கொளுத்தும் வெயிலில் ஒரு கூட்டம். தலைவர் பேசிக்கொண்டிருக்கிறார். துணை வேட்பாளர் பக்கத்தில் நின்று, தட்ட வேண்டிய இடத்தில் கைதட்டுகிறார், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கிறார். திடீரென்று தண்ணீர் பாட்டிலோடு மேடையிலிருந்து இறங்கி ஓடுகிறார். முன்வரிசையில் ஒரு பெண்மணி மயங்கிச் சரிந்திருக்கிறார். பேசுகிறவர் கவனிக்கவேயில்லை. "பேசறவனுக்குக் கூட்டம்தான் தெரியும். பக்கத்துல நிக்கறவனுக்குத்தான் ஆள் தெரியும்" என்றாய். இதற்குப் போய் ஓட்டா என்று நான் சிரித்தேன்.

நம் தமிழ்ச் சங்கத்தில் ஒன்பது வருஷம் நான் தலைவர், நீ துணைத் தலைவர். எந்த விழாவானாலும் வழக்கம் ஒன்றுதான். வரவேற்புரை தலைவருக்கு. அப்போது பள்ளிக்கூட அரங்கம் நிறைந்திருக்கும், முன்வரிசையில் பட்டுப்புடவைகளும் கேமராக்களும் இருக்கும். நன்றியுரை துணைத் தலைவருக்கு. அதற்குள் பாதிக் கூட்டம் சாப்பாட்டு வரிசைக்குப் போயிருக்கும், மீதிப் பேர் பிள்ளைகளின் ஜாக்கெட்டைத் தேடிக்கொண்டிருப்பார்கள். நீ காலி நாற்காலிகளைப் பார்த்து நிதானமாக நன்றி சொல்வாய். மைக் செட் பார்த்தவர், சமோசா பொரித்த ஆன்ட்டி, அந்தப் பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைக்கிறவர் என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி. கையில் சீட்டு இருக்காது. நான் அந்நேரம் தட்டோடு யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பேன். நன்றியுரை சொல்கிறவனுக்கு நன்றி சொல்ல நிகழ்ச்சி நிரலில் இடமே கிடையாது. ஒன்பது வருஷத்தில் எனக்கு அது தோன்றியதே இல்லை.

அக்டோபரில், அதிபர் தேர்தலுக்கு முன்கூட்டியே ஓட்டுப் போட, வாக்குச்சாவடி வைத்திருந்த நூலகத்துக்கு என் காரில் போனோம். டோல்வே நெடுஞ்சாலையில் ஏறியதும் கேட்டாய். "டிசம்பர்ல நம்ம சங்க எலெக்‌ஷன் வருதே. இந்தத் தடவையும் நீதானா?"

"வேற யாருடா இருக்கா?" என்றேன்.

நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்தாய். "அதுவும் சரிதான்" என்று சிரித்தாய்.

பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவனிடம் நான் சொன்ன பதில் அது. தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று மற்றவர்களிடம் வேண்டுமானால் சொல்லிக்கொள்வேன். உன்னிடம் சொல்ல முடியாது. உன் ஆசை எனக்குத் தெரியும். மேடையை விட மனசு வரவில்லை, அவ்வளவுதான். நூலகத்தில் முக்கால் மணி நேர வரிசை. ஓட்டுப் போட்டுவிட்டு, அங்கே தரும் ஸ்டிக்கரைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்தபோது உன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நவம்பரில் உன் வேட்பாளர்கள் தோற்றார்கள். "இருக்கட்டும்டா, கொஞ்ச நாள்" என்று பலகையை நீ எடுக்கவில்லை.

டிசம்பர் பொதுக்குழுவில் என் பெயரை முன்மொழிந்தது நீ. முதலில் கை தூக்கியதும் நீ. பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆபீஸ் பார்க்கிங்கில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். ஐம்பத்தெட்டு வயது.

சென்ற வாரம் சித்திரை விழா. உன் இடத்துக்கு யாரும் முன்வராததால் இரண்டு உரையும் என் தலையில் விழுந்தன. நன்றியுரைக்கு எழுந்தபோது எதிரே காலி நாற்காலிகள். விளம்பரம் கொடுத்தவர்களின் பெயர்களைச் சீட்டைப் பார்த்துப் படித்தேன். அதற்கு மேல் யார் என்ன செய்தார்கள் என்றே எனக்குத் தெரியவில்லை. "மற்றும் அனைவருக்கும்" என்று முடித்துக்கொண்டேன். நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளர் என்னிடம் வந்து, "உங்கள் நண்பர் எங்கே?" என்று கேட்டார். அவரோடு சேர்ந்து கடைசி நாற்காலி வரை மடக்குவாயாமே. நீ போய்விட்டதை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். இத்தனை வருஷம் கழித்து அவர் பெயரைக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

இன்று பலகையைக் காரில் வைக்கும்போது உன் மனைவி வாசலில் நின்றிருந்தார். கோபமெல்லாம் இல்லை. பேச்சுவாக்கில்தான் சொன்னார். "ஒரே ஒரு தடவ வரவேற்புரை பேசணும்னு அவருக்கு ஆசண்ணா. உங்க ஃப்ரெண்டுதானே, வாயத் தொறந்து கேளுங்களேன்னு சொன்னேன். 'கேட்டா உடனே குடுத்துருவான்டி. கேட்டு வாங்கறதுல என்ன இருக்கு'ன்னுட்டார்." பிறகு, "உள்ள வாங்கண்ணா, காபி குடிச்சிட்டுப் போலாம்" என்றார். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஞாயிற்றுக்கிழமை, எனக்கு ஒரு வேலையும் இல்லை.

களைப்பாக இருக்கிறது. தலைவர் பதவியை விடப் போகிறேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, உனக்கு இனி அதனால் ஆகப் போவதும் ஒன்றுமில்லை. முன்பின் பழகாத ஒருவருக்காக, அவர் பக்கத்தில் நின்ற விதம் பிடித்துப்போய், முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றாய். எனக்காக ஒன்பது தடவை கை தூக்கினாய். உனக்காக நான் ஒரு தடவைகூடக் கை தூக்கியதில்லை. உனக்குப் போட்டிருக்க வேண்டிய அந்த ஒரு ஓட்டு என்னிடமே தங்கிவிட்டது.