ஸ்டெல்லா சேர்ந்த கூட்டம்

10.5.1988, செவ்வாய்

சபையின் கோடை முகாம் இன்று தொடங்கியது. பன்னிரண்டு வயது வரை சிறுவர் கூட்டம், அதற்கு மேல் வாலிபர் கூட்டம். இளம்பிள்ளை வாதம் வந்த என் மகள் ஸ்டெல்லா காலை விந்தி நடந்து வருவதைப் பார்த்த பொறுப்பாளர் தம்பி, "சின்னப் பிள்ளைகளோட இருக்கட்டும்க்கா, பெரிய பிள்ளைக ஓடியாடி விளாடுவாக" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நானும் சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் ஸ்டெல்லா கேட்டாள்: "அண்ணே, வயசு எனக்கா, என் காலுக்கா? எனக்குப் பதினாலு ஆகுது."

அவர் சிரித்துவிட்டு வாலிபர் கூட்டத்துக்கு அனுப்பினார். எனக்குத்தான் வேலையே ஓடவில்லை. மத்தியானம் போய் எட்டிப் பார்த்தேன். மைதானத்தில் கபடி. நடுக்கோட்டில் நின்று ஆட்டத்தை நடத்தியது என் மகள்! முரண்டு பிடித்த ஒரு நெட்டைப் பையனை, "ஏலே, அவுட்டுன்னா அவுட்டுதான், வெளிய போ" என்று விரட்டினாள். அவனும் போனான். நான் சத்தமில்லாமல் திரும்பி வந்தேன். வீடு வரைக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நாளை வாலிபர் கூட்டத்தைக் கண்மாய்க்கரை வரை நடத்திக் கூட்டிப் போகிறார்களாம். வெயில். தூரமும் அதிகம். வலித்தால்... அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. போகட்டும்.