நடு வளையம்

2025 ஜூலை 3, வியாழன்
இன்றும் அதே கதை. சிப்பில் வரிசையாக மூன்று நுண்ணிய வளையங்கள், ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும். முதல் வளையத்தில் லேசரை விட்டால் அது மின்னுகிறது, மூன்றாவதும் மின்னுகிறது. நடுவில் கும்மிருட்டு. மூன்றும் சேர்ந்து ஒரு தலைமுடியின் குறுக்களவுதான். அதற்குள் என் ஐந்து வருஷ முனைவர் பட்டப் படிப்பு.

ஜூலை 4
வழிகாட்டி ஜைனம்பு மேடத்துக்கு அறிக்கை அனுப்பிவிட்டேன்: நடு வளையம் பழுது. "அப்ப திங்கட்கிழமை இந்தச் சிப்பை ஒதுக்கிடலாம் கோமளா" என்றார். புதுச் சிப் வர ஒரு வருஷம். ஆய்வேட்டைக் கொடுக்க எனக்கு மிச்சம் நாலு மாதம். முடிந்தது.

ஜூலை 6, ஞாயிறு
ஊரில், கோட்டைக்குப்பத்தில். அம்மா சும்மா விடுவாளா? "மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு ஊட்ல குந்தி இன்னா பண்ணப்போற? வா"ன்னு ஏரிக்கு இழுத்துப்போனாள்.

பிடித்ததைப் போட ஓலைப் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு மூவரும் வரிசையாகத் தண்ணீருக்குள் கையால் சேற்றைத் துழாவினோம். அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் தேவி சின்னம்மா, நடுவில் நான். அவர்கள் பறியில் இறால் துள்ளுகிறது, என் பறியில் வெறும் சேறு. "டாக்டரம்மாவப் பாத்தா எறா கூட பயந்து ஓடுது" என்று சின்னம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

நடு ஆளுக்கு எப்போதும் மாட்டாது, அவள் கிளப்புவது பக்கத்து ஆட்களிடம் போய் மாட்டும். அவள் இல்லாவிட்டால் எல்லாம் நடுவில் பூந்து ஓடிவிடும். அதனால் கரையில் பங்கு மூன்றும் சமம். பிறந்ததிலிருந்து பார்க்கிற வழக்கம்.

சின்னம்மா என் பங்கை நீட்டினாள். வாங்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது.

மூன்றாவது வளையத்துக்கு ஒளி எப்படிப் போச்சு? நடு வளையத்தைத் தாண்டித்தானே போகணும், வேற வழி ஏது? நடுவுல இருக்கறது செத்திருந்தா மூணாவதும் இருட்டாத்தானே இருக்கணும்! ஒரு வாரமாப் பாத்துக்கினே இருந்தேனே — கண்ணிருந்தும் குருடி.

ஜூலை 7
முதல் பஸ். மேடம் சிப்பைக் கழற்றும்முன் போய் நின்றேன். "ஒரே ஒரு தரம் மேடம்."

லேசரின் அலைநீளத்தை மயிரிழை நகர்த்தினேன். நடு வளையம் பற்றிக்கொண்டது! பக்கத்து இரண்டையும் விடப் பளிச்சென்று. பழைய அலைநீளத்துக்குத் திரும்பினால் மறுபடி இருட்டு. பழுதே இல்லை. முதல் வளையத்திலிருந்து வருகிற ஒளியும் மூன்றாவதிலிருந்து திரும்புகிற ஒளியும் நடுவில் அலையின் மேடும் பள்ளமுமாகச் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஏறக்குறைய எதையும் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் அது ஒளியைக் கடத்திக்கொண்டே இருந்திருக்கிறது. அதைப் போய்ப் பழுது என்று எழுதினேனே.

இருபது தரமாவது மாற்றி மாற்றிப் பார்த்திருப்போம். கடைசியில் மேடம், "அந்த அறிக்கையைக் கிழிச்சுப் போடு" என்றார்.

ஜூலை 12, சனி
அம்மாவிடம் கைபேசியில் படம் காட்டினேன். இரண்டு வெள்ளைப் புள்ளி, நடுவில் இருட்டு.

"நடுவுல நிக்கறவளுக்கு ஒண்ணும் மாட்டலியா?"

"இல்லம்மா."

"பங்கு குட்தியா?"

கொடுத்தாயிற்று. நேற்று எழுதத் தொடங்கிய ஆய்வேட்டு அத்தியாயம் முழுக்க நடுவில் நிற்கிற அவளுக்குத்தான்.