உத்தரவில்லாமல் வந்த லாரி

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீயும் அண்ணியும் சுகம்தானே. இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தாயிற்று. ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

எங்கள் கழிவுநீர் நிலையத்தில் சாக்கடைச் சேற்றை மூடிய தொட்டியில் புளிக்க வைத்து, வரும் வாயுவில் மின்சாரம் எடுக்கிறோம். தொட்டி எப்போதும் அரை வயிற்றோடுதான் கிடக்கும். சந்தையில் அழுகும் காய், பழங்களையும் அதில் போடலாமே என்று எழுதிக் கேட்டேன். குப்பை நம் வேலையே இல்லை என்றது என் துறை. தொட்டிக்குள் விழுந்தபின் அது எங்கள் குப்பையே இல்லை என்றது குப்பைத் துறை. கோப்பு பதினொரு மாதம் அலைந்தது. கடைசியில் என் மேலதிகாரி, "நீங்க ஆரம்பிங்கம்மா, பேப்பர் பின்னாடி வரும்" என்றார். ஆரம்பித்தேன். பேப்பர் வரவே இல்லை.

வாயு என்னவோ பிய்த்துக்கொண்டு வந்தது. ஏழு வாரம் எல்லா பம்புகளும் எங்கள் மின்சாரத்திலேயே ஓடின. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வருவதைப் பிரித்துப் பார்க்க ஓர் ஆள் கேட்டேன். அப்படி ஒரு பதவியே கிடையாதாம். போன செவ்வாய்க்கிழமை சந்தை லாரியில் காய்கறியோடு பிளாஸ்டிக் கயிறும் சாக்கும் வந்தன. கலக்கும் இயந்திரம் சிக்கி நின்றது. தொட்டி நுரைத்துப் பொங்கி வழிந்தது. வால்வை மூட ஓடிய ஃபிட்டர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறார். ஒப்பந்த ஆள். அனுமதி இல்லாத வேலையில் பட்ட காயத்துக்கு எந்தத் துறையும் பொறுப்பில்லையாம்.

நேற்று மேலதிகாரி கதவைச் சாத்திவிட்டு, "ஃபிட்டர் தானாவே லாரிய உள்ள விட்டுட்டாருன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. உங்க பேரு வெளிய வராது" என்றார். நேரே ஃபிட்டரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அந்த மனிதர், "மேடம், மோட்டார ஆஃப் பண்ணிட்டாங்களா?" என்றுதான் கேட்டார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

இன்று காலை எழுதிக் கொடுத்துவிட்டேன். லாரியை விடச் சொன்னது நான், ஃபிட்டர் என் உத்தரவுப்படிதான் வேலை செய்தார் என்று. என்னை ஆரம்பிக்கச் சொன்னது யார் என்றும் எழுதினேன். மேலதிகாரி படித்துவிட்டு நிமிர்ந்தே பார்க்கவில்லை. அப்போதிலிருந்து போன் அடித்தால், சஸ்பெண்ட் உத்தரவோ என்று ஓடிப்போய் எடுக்கிறேன்.

அம்மாவிடம் மூச்சு விடவில்லை. இந்தக் குவார்ட்டர்ஸ் என் வேலையோடு வந்த வீடு என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. ஜன்னல் திரைக்கு அளவெடுத்துக்கொண்டிருக்கிறாள். இப்போதெல்லாம் அவளால் படி ஏற முடிவதில்லை, அண்ணா. உன் வீட்டில் கீழ்த்தளத்தில் ஓர் அறை இருக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன். அண்ணியையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, சீக்கிரம் எழுது.

நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் தங்கை